சாலமாண்டர் பேச்சும் கதவருகே நின்றவரும்

செல்வம்,

இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் வாசித்துவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தில்லியில் பிறந்து ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நீ. தமிழ் உன் காதில் ஏறிய அளவுக்குக் கண்ணில் ஏறவில்லை. ஆங்கிலத்தில் எழுதலாம் என்றுதான் முதலில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முப்பது வருஷம் அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்துவிட்டேன் அல்லவா, 'வருந்துகிறேன்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் யாருடைய மனுவையோ தள்ளுபடி செய்கிற மாதிரியே இருக்கிறது. தாளை உருவிப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். மெதுவாக வாசி. புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடியும் வாசி. மீனா தமிழ் நன்றாக வாசிப்பாள் என்றாலும் முதல் தடவை நீயே வாசித்துவிடு. அப்புறம் அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ராஞ்சியிலிருந்து நீ வந்த பிறகு நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள், இரண்டு அறை குவார்ட்டரில் உன்னைத் தனியாகப் பிடித்துப் பேச முடியாது என்று உன் அம்மாவிடம் காரணம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் காரணம்.

போன மாதம் மோதி பாகில் மீனா வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்தில் ஆரம்பிக்கிறேன். சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். மீனாவின் பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மாப்ளைக்குப் பேச்சு கொஞ்சம் திக்குதோ?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கேட்டுவிட்டார், அவ்வளவுதான். மீனாவின் அப்பா தரையைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக எனக்குள் இருக்கும் பழைய பயம் அந்த ஒரு நொடியில் எழுந்து நின்றது. உன்னை முந்திக்கொண்டு நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீ சிரித்துக்கொண்டே, "ஆமா பெரியப்பா, திக்கும். சின்ன வயசுல இன்னும் ஜாஸ்தி" என்றாய். பிறகு அந்தப் பேச்சுப் போட்டியைப் பற்றிச் சொன்னாய். "ரெண்டாவது வரியிலயே நின்னுட்டேன். எல்லாப் பசங்களும் சிரிக்கிறாங்க. பின்னாடி பார்த்தா எங்கப்பா கதவு பக்கத்துல நின்னுட்டிருக்கார். கோபமே இல்ல. மெதுவா தலையை ஆட்டினார். அன்னைக்குதான் எனக்குப் பேச வந்தது. இன்னைக்கும் மீட்டிங்ல வார்த்தை நின்னா அப்பா தலையாட்டறதை நினைச்சுப்பேன். வந்துடும்."

உன் அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நீ பார்த்திருப்பாய். பெரியப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது மீனா வந்து என் காலைத் தொட்டு, "மாமா, நீங்க அன்னைக்கு நின்னீங்களே, அதுக்கு" என்றாள். நான் ஏதோ ஆசீர்வாதம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

செல்வம், அன்று கதவருகே நின்றது நான் இல்லை.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இனி முழுவதையும் சொல்கிறேன்.

நீ அப்போது ஆறாம் வகுப்பு. கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மண்டபத்தில் தில்லித் தமிழ்க் குழந்தைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். இரண்டு பிராணிகளை ஒப்பிட்டுப் பேச வேண்டும். எந்த இரண்டு என்பதைக் குலுக்கல் சீட்டு தீர்மானிக்கும். மற்ற பிள்ளைகளுக்குச் சிங்கமும் யானையும், காக்கையும் குயிலும் வந்தன. நீ இரண்டு பிஸ்கட் டப்பாக்களில் கையை விட்டு எடுத்த சீட்டுகளில் ஒன்றில் 'சாலமாண்டர்' என்றும் மற்றதில் 'சிறிய வகை மான்' என்றும் இருந்தது. சாலமாண்டர் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது. ஆபீஸ் நூலகத்தில் ஆங்கிலக் களஞ்சியத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். பல்லி மாதிரி இருந்தது. படத்துக்குக் கீழே இருந்ததைப் படிக்காமலே பல்லி என்று முடிவு கட்டிவிட்டேன்.

உனக்குப் பேச்சு திக்கியதை அந்த நாட்களில் நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. நீ ஒரு வார்த்தையில் நின்றால் அந்த வார்த்தையை நானே சொல்லி முடித்துவிடுவேன். அதை உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது வீட்டுக்கு வந்து உன் பெயரைக் கேட்டால் நீ வாயைத் திறப்பதற்குள் "செல்வம்" என்பேன். உன் பெயரைக்கூட உன்னைச் சொல்ல விட்டதில்லை. நாளைக்கு நீயும் மீனாவும் ஒரு வீட்டில் இருக்கப் போகிறீர்கள். அவள் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துத் தடுமாறினால், முடிவு உனக்குத் தெரிந்திருந்தாலும், அவளே முடிக்கட்டும் என்று காத்திரு. எனக்குத் தெரியாமல் போன விஷயம் இது.

இந்தப் போட்டியில் நீ பரிசு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு வெறி. ராத்திரி பகலாக ஒரு பேச்சை எழுதினேன். 'துள்ளி ஓடும் சிங்கார மானே' என்று ஆரம்பித்து, 'புழுதியில் பதுங்கும் அற்பப் பல்லியே' என்று இழுத்து, 'மானாக வாழ்வோம், பல்லியாகப் பதுங்கோம்' என்று முடித்தேன். நீ அதை ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தாய். தினமும் சாயங்காலம் உன்னைச் சுவரோரமாக நிற்க வைத்து, "ஏல, நேரா நில்லு. கையக் கட்டாத. சொல்லு" என்பேன். 'பதுங்கும்' என்ற வார்த்தையில் நீ ஒவ்வொரு தடவையும் நின்றாய். உன் அம்மா ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "அவனப் போட்டு என்னத்துக்கு இப்படி வதைக்குதிய? புள்ள ராத்திரித் தூக்கத்துலயும் பல்லி பல்லின்னு உளறுதான்" என்றாள். நான் கேட்கவில்லை.

நான் செய்த ஒரே நல்ல காரியம், மானைக் காட்ட உன்னைப் புராணா கிலா பக்கத்து மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போனதுதான். அங்கேதான் கர்ண பகதூர் இருந்தார். மான் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். டார்ஜீலிங் பக்கத்து மலைக்காரர். குட்டையாக, அகலமான தோளோடு, காதை மூடிய பழுப்புக் கம்பளிக் குல்லாய் போட்டிருப்பார். நீ கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறிய மானையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் உன்னிடம் வந்து, "இது சிங்காரா. ஏன் அந்தப் பேர் தெரியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். நீ இல்லை என்று தலையாட்டினாய். "பயம் வந்தா முன்னங்காலை உதைச்சுட்டு மூக்கால தும்மும். ச்சீங்க், ச்சீங்க்! அதனால சிங்காரா" என்று தும்மிக் காட்டினார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நீ என்னிடம், "அப்பா, அது சிங்காரம் இல்ல, தும்மல். நீங்க தப்பா எழுதிருக்கீங்க" என்றாய். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "எழுதினதைப் படி" என்றேன்.

அடுத்த ஞாயிறும் போக வேண்டும் என்று அடம் பிடித்தாய். போனோம். அதற்கடுத்த ஞாயிறும் போனோம். நான் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். நீ அவரோடு வேலியோரமாக நடந்துகொண்டிருப்பாய். உனக்கு அவரிடம் பேச்சு திக்கும், நான் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் காத்திருப்பார். கையில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டே, நீ முடிக்கும்வரை அப்படியே நிற்பார். நீ சாலமாண்டரைப் பற்றிக் கேட்டபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் ஊரில் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஒரு குட்டையில் மழைக்காலத்தில் அது வருமாம். சின்னப் பிள்ளையில் நிறையப் பார்த்திருக்கிறாராம். கரும்பழுப்பு நிறம், முதுகின் இரண்டு ஓரமும் மணி கோத்த மாதிரி முண்டு முண்டாக இருக்கும், ஓடவே ஓடாது, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் போகும் என்று தன் விரல்களாலேயே வேலிக் கம்பியில் நடந்து காட்டினார். "பல்லி இல்லை தம்பி, தவளைக்குத்தான் சொந்தம். தோல் ஈரமா இருக்கணும். காய்ஞ்சா போச்சு" என்றார். தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் இருக்கும் மானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஈரம் காய்ந்தால் செத்துப்போகும் பிராணியைப் பற்றி நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அன்று திரும்பும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, சாலமாண்டர் பதுங்கலை. அதோட இடத்துலதான் இருக்கு. மெதுவா போறது தப்பா?" நீ உன்னைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. போட்டிக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, இப்போது எதையும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். கர்ண பகதூரை நீ போட்டிக்குக் கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். "ஆதா ஹூன், பக்கா" என்று, கட்டாயம் வருவதாக அவர் சொன்னதும் தெரியும். வேலை நேரத்தில் எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன்.

போட்டி அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். நாம் இருவர் மட்டும் போனோம். நான் ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டதால் என் மேலதிகாரி தன் மகளோடு வந்து எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ மேடை ஏறினாய். முதல் வரியைச் சொல்லிவிட்டாய். இரண்டாவது வரியில் நின்றாய். நான் வாயசைத்து அந்த வார்த்தையைக் காட்டினேன். உனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு பையன் உன்னைப் போலவே திக்கிக் காட்டினான். என் மேலதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். பரிதாபமாகத்தான் பார்த்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் எழுந்தேன். அவசர வேலை இருப்பவன் போலக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டேன். பதினொரு வயசுப் பிள்ளையை அந்த மேடையில் தனியாக விட்டுவிட்டு.

ரோட்டைத் தாண்டி நடந்தேன். மார்க்கெட்டைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டேன். ஒரு கடையில் டீ வாங்கிக் குடித்தேன். நீ அழுதுகொண்டு மேடையிலிருந்து இறங்கியிருப்பாய், என்னைத் தேடுவாய் என்று தெரிந்தும் அந்த டீயை முழுக்கக் குடித்தேன். திரும்பி வந்தபோது மண்டபத்து வாசலில் கர்ண பகதூர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாபுஜி, எங்கே போயிட்டீங்க? பையன் எவ்வளவு அச்சா பேசினான் தெரியுமா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். "நான் வரும்போது நின்னுட்டான். உள்ளே எடமில்லை, கதவுகிட்டயே நின்னேன். என்னையே பார்த்தான். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. மான் மிரண்டா நாம அசையக் கூடாது பாருங்க, அப்படியே நின்னேன். மெதுவா தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தான். அப்புறம் கையில இருந்த பேப்பரை மடிச்சுப் பையில போட்டுட்டான். பேச ஆரம்பிச்சவன் நிறுத்தலையே! உங்க பாஷை எனக்கு எங்கே புரியுது? ஆனா ஒரு எடத்துல ரெண்டு விலாவிலயும் விரலால புள்ளி புள்ளியா வச்சுக் காட்டினான். அது எங்க ஊர் குட்டையில வர்றதுன்னு புரிஞ்சுது. ஒரு எடத்துல தும்மினான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அது சிங்காரான்னு புரிஞ்சுது."

மான்களுக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது என்று அவர் சைக்கிளில் ஏறினார். ஏறும்போது, "நான் வந்தேன்னு பையன்கிட்ட சொல்லிடுங்க பாபுஜி" என்றார். "சொல்றேன்" என்றேன்.

நீ வெளியே ஓடி வந்தாய். கையில் பரிசு எதுவும் இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை, அந்தக் குளிரிலும். என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, நீங்க கதவுகிட்ட நின்னு தலையாட்டினீங்கல்ல? நான் பார்த்தேன்" என்றாய். நானும் அன்று பழுப்புக் குல்லாய்தான் போட்டிருந்தேன். உன் முகத்தைக் குனிந்து பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை உன் முகத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஆமாய்யா" என்றேன். "நல்லாப் பேசின."

அந்த ஒரு 'ஆமா' உனக்காகச் சொன்னது என்று பல வருஷம் என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று சொன்னதாக. அப்படியே இருந்தாலும், அதற்குப் பிறகு செய்ததற்கு என்ன சமாதானம்? அடுத்த ஞாயிறு நீ மிருகக்காட்சி சாலைக்குக் கூப்பிட்டாய். போனால் உண்மை தெரிந்துவிடும். தலைவலி என்றேன். அதற்கடுத்த வாரம் பனிமூட்டம் என்றேன். பிறகு பரீட்சை, பிறகு வெயில், பிறகு மழை. ஒரு நாள் நீ சாப்பிட்டுக்கொண்டே, "பகதூர் அண்ணா பக்கான்னு சொன்னார், வரவேயில்ல. பெரியவங்க சும்மா சொல்வாங்கல்ல அப்பா?" என்றாய். என் கையில் சோறு இருந்தது. அதை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். வந்தவரை வராதவர் ஆக்கி, ஓடியவனை நின்றவன் ஆக்கிவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவும் இல்லை.

மறுவருஷம் உனக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று உன் வாத்தியார் சொல்லி அனுப்பினார். கண் டாக்டரிடம் போனோம். பத்தடிக்கு மேல் இவனுக்கு முகங்கள் தெரியாது என்று அவர் சொன்னபோது, நீ அந்தப் பெரிய சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாய். அன்றாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாய். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. "நான் நேத்து உங்களப் பாத்து எவ்வளவு பெருமப்பட்டேன் தெரியுமா" என்றாள். பிறகு குழாயை மூடிவிட்டு, "அந்த மனுசன் உசிரோட இருக்காரான்னு மொதல்ல போயிப் பாருங்க. அப்புறம் புள்ளைக்கு எழுதுங்க. ரெண்டும் செய்யாம எங்கிட்ட வந்து காப்பி கேக்காதிய" என்றாள்.

நான் போனேன். மான் கூண்டில் வேறு ஆட்கள். ஒருவர் முகவரி சொன்னார். ஓய்வு பெற்று முனீர்க்காவில் மகள் வீட்டில் இருக்கிறாராம். சந்துக்குள் சந்தாக நுழைந்து கண்டுபிடித்தேன். மாடியில் வெயிலில் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோள் இறங்கிவிட்டது. பல் பாதி இல்லை. என்னை அடையாளம் தெரியவில்லை. "சிங்காராவைப் பார்க்க வந்த மதராஸிப் பையனோட அப்பா" என்றேன். உடனே நிமிர்ந்தார். "மெதுவாப் பேசுவானே, அந்தப் பையனா? எப்படி இருக்கான்?"

நான் என் வெட்கத்தை எல்லாம் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. புல்லுக்கட்டோடு உனக்காக நின்ற மாதிரியே எனக்காகவும் காத்திருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பையன் வரலையேன்னு சில ஞாயித்துக்கிழமை பார்த்தேன்" என்றார். "பரீட்சையா இருக்கும்னு நினைச்சேன். அந்த மழைக்காலம் லீவுல ஊருக்குப் போனேன் பாபுஜி. அந்தக் குட்டையில போய்ப் பார்த்தேன். ரெண்டு இருந்தது. வந்து பையன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மகள் பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

செல்வம், நீ இன்று ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் எழுந்து நின்று பேசுகிறாய். அதற்கு நான் காரணம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாய். அந்த நம்பிக்கையை உன்னிடமிருந்து பிடுங்குவது சரிதானா என்று பல நாள் யோசித்தேன். கர்ண பகதூரிடமே அதைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் தலையைத்தானே ஆட்டினேன், பேசினது அவன்தானே" என்றார். அதற்கு மேல் என்னால் எதுவும் சேர்க்க முடியாது. ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது நாலு பேர் முன்னால் தடுமாறும் நாள் ஒன்று வரும். எந்தப் பிள்ளைக்கும் வரும். அன்று உனக்கு உடம்பெல்லாம் கூசும், எழுந்து போய்விடலாம் என்று கால் துடிக்கும். என் ரத்தம்தானே நீ, துடிக்கத்தான் செய்யும். போகாதே. நீ எதுவும் செய்ய வேண்டாம், சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். இருந்தால் போதும்.

கல்யாணப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தேன். உன் பெயர் எது என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அந்தத் தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டாயம் வருவதாகச் சொன்னார். இந்தத் தடவை அவர் சொன்னதை அப்படியே உன்னிடம் சேர்த்துவிட்டேன், குறித்துக்கொள்.

நான் எழுந்தபோது அவர் என்னை நிறுத்தினார். "பாபுஜி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பையன் என்னதான் பேசினான்? தும்மலும் அந்த முண்டும்தான் எனக்குப் புரிஞ்சுது. எங்க ஊர்ப் பிராணியைப் பத்தி அவ்வளவு நேரம் என்ன சொன்னான்? உங்க பாஷைதானே, நீங்க சொல்லுங்க."

எனக்குப் பாஷை தெரியும், நான் கேட்கவில்லை. அவர் முழுக்கக் கேட்டார், அவருக்குப் பாஷை தெரியாது. அவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. பொக்கை வாயால் சத்தமாகச் சிரித்தார். "அப்போ நாம ரெண்டு பேரும் பையனைத்தான் கேக்கணும்" என்றார்.

அதனால் நீ இரண்டு நாள் முன்னதாகவே லீவு எடுத்துக்கொண்டு வா. வீட்டில் கூட்டம் சேர்வதற்குள் ஒரு மத்தியானம் நாம் முனீர்க்காவுக்குப் போவோம். மறந்திருந்தால் நினைவிருக்கிற வரைக்கும் சொல். ஹிந்தியில் சொல், அவருக்குப் புரியட்டும். எங்கே நின்றாலும் பரவாயில்லை, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. நீ முடிக்கிறவரை நான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா